பழைய செக்ஸ்டன்ட் வாங்கும்போது எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது

நீங்கள் கேட்டது இதுதான்: சூரியனையும் நட்சத்திரங்களையும் வைத்துக் கடலில் இடம் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறீர்கள். பாய்மரப் படகில் நீண்ட பயணம் போகும் எண்ணம் இருக்கிறது. அதற்கு வேண்டிய செக்ஸ்டன்ட் (சூரியனோ நட்சத்திரமோ தொடுவானத்துக்கு மேல் எவ்வளவு கோணத்தில் நிற்கிறது என்று அளக்கும் கைக்கருவி) உலோகத்தில் புதிதாக வாங்கக் கட்டுப்படியாகவில்லை. பழையதில் நல்லதாக ஒன்றை நியாயமான விலைக்கு எப்படித் தேடுவது?

நேராகச் சொல்லிவிடுகிறேன். தோற்றம் கெட்டு, உடம்பு கெடாமல் இருக்கும் கருவியைத் தேடுங்கள். ரசம் போன கண்ணாடி, விரிசல் விட்ட பெட்டி, பெயின்ட் உரிந்த சட்டம், காணாமல் போன இரண்டாவது தொலைநோக்கி எல்லாமே விலையைக் குறைக்கும் குறைகள். ஆனால் எல்லாவற்றையும் பிறகு சரிசெய்துகொள்ளலாம். வளைந்த சட்டம், பாகைகள் குறித்த வில்லின் தேய்ந்த பற்கள், ஆட்டம் கண்ட அச்சு ஆகியவற்றை உங்களாலும் முடியாது, பெரும்பாலான பட்டறைகளாலும் கட்டுப்படியாகும் செலவில் சரிசெய்ய முடியாது. விற்பனைக்கு வரும் கருவிகளில் பெரும்பாலும் இது தலைகீழாகத்தான் மதிப்பிடப்படுகிறது. பளபளவென்று மெருகேற்றியது அதிக விலைக்குப் போகிறது, அழுக்கானது மலிவாகக் கிடக்கிறது. அந்த இடைவெளியில்தான் நல்ல பேரம் இருக்கிறது.

சட்டத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், கணக்கைப் பாருங்கள். செக்ஸ்டன்டில் இரண்டு கண்ணாடிகள். ஒன்று சட்டத்தில் நிலையாக நிற்கும், இன்னொன்று கையோடு, அதாவது அச்சில் சுழன்று வில்லின் மேல் நகரும் நீளப் பட்டையோடு, சேர்ந்து திரும்பும். கை எவ்வளவு திரும்புகிறதோ அதைப்போல் இரு மடங்கு கோணத்தை நாம் அளக்கிறோம். அதனால்தான் வட்டத்தில் ஆறில் ஒரு பங்கான 60 பாகை வில்லில் 120 பாகைவரை குறித்திருக்கிறார்கள். ஒரு பாகையில் 60-ல் ஒரு பங்கு ஒரு கலை. வானத்தில் ஒரு கலை பிசகினால் கடலில் ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர் பிசகும். வழக்கமான கருவியில் அச்சிலிருந்து வில்வரை 16 சென்டிமீட்டர் போல இருக்கும். அந்த வில்லின் விளிம்பில் ஒரு கலை என்பது ஒரு மில்லிமீட்டரில் சுமார் 40-ல் ஒரு பங்குதான். ஒருமுறை கீழே விழுந்து, கண்ணுக்கே தெரியாத அளவு சட்டம் வளைந்திருந்தாலும் உங்கள் இடக்கணக்கு சில மைல்கள் தள்ளிப் போய்விடும்.

ஜிபிஎஸ் 1995-இல் முழுமையாக இயங்கத் தொடங்கிய பிறகு கப்பல் அதிகாரிகளின் சொந்த செக்ஸ்டன்டுகள் நிறையவே அலமாரிக்குப் போய்விட்டன. ஆனால் தேவை அடியோடு நின்றுபோகவில்லை. வணிகக் கப்பல் அதிகாரிகளின் பயிற்சித் தரங்களில் வானியல் வழிகாணல் இன்னும் இருக்கிறது. அமெரிக்கக் கடற்படை அகாடமி இடையில் கைவிட்ட அந்தப் பாடத்தை 2015-இல் மறுபடியும் கொண்டுவந்தது. ஆக, கருவிகள் சந்தைக்கு வந்துகொண்டேயிருக்கின்றன, வாங்க ஆளும் இருக்கிறார்கள். யாரிடமிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் விலை மாறும்.

நான் முதலில் தேடச் சொல்வது ஓய்வு பெற்ற கப்பல் அதிகாரிகளை. தன் கருவியை ஆண்டுக்கணக்காகப் பயன்படுத்தியவருக்கு அதன் குணம் முழுக்கத் தெரியும். எத்தனை கலை பிழை, எப்போது கண்ணாடி மாற்றினார், எங்கே இடித்துக்கொண்டார் என்று கேட்டால் சொல்லிவிடுவார். பலர் அதிக விலைக்கு விற்பதைவிட, பயன்படுத்தப் போகிறவர் கையில் கொடுப்பதையே விரும்புகிறார்கள். "கேப்டன் சார், நான் இதை அலங்காரத்துக்கு வாங்கவில்லை, உச்சிப்பொழுது சூரியனை எடுக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்" என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை, எந்தப் பேரத்தையும்விட அதிகமாக வேலை செய்யும். அவர் மறைந்தபின் குடும்பத்தார் விற்கும்போது நிலைமை வேறு. அவர்களுக்குக் கருவியைப் பற்றித் தெரியாது, விலையும் ஒன்று மிகக் குறைவாக இருக்கும், இல்லையென்றால் இணையத்தில் பார்த்த அருங்காட்சியகப் பொருளின் விலையாக இருக்கும். அங்கே பொறுமையாக, மரியாதையாக, படங்கள் கேட்டு வாங்குங்கள். தெரியாதவர்களிடம் அடிமாட்டு விலைக்குப் பிடுங்குவது பேரம் ஆகாது. நியாயமான விலையைச் சொல்லி வாங்கினால், அவர் வைத்திருந்த கப்பல் பஞ்சாங்கம் (சூரியன், நட்சத்திரங்களின் நிலைகளைத் தரும் ஆண்டு நூல்), அட்டவணைகள், ஸ்டாப்வாட்ச் எல்லாம் சேர்ந்தே வருவதுண்டு.

அடுத்து, மூடப்படும் அல்லது கருவிகளைப் புதுப்பிக்கும் கடற்பயிற்சிப் பள்ளிகள். இவற்றின் கருவிகள் பல கைகளில் பட்டவை, மாணவர்கள் கீழே போட்டிருக்கவும் வாய்ப்புண்டு. மொத்தமாக ஏலம் விட்டால் ஒவ்வொன்றாகச் சோதித்து எடுக்க அனுமதி கேளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். கப்பல் உடைக்கும் தளங்களிலிருந்து வருபவையும் அப்படித்தான். விலை குறைவு, ஆனால் கழற்றும்போது வீசி எறியப்பட்டதா, பெட்டியோடு பத்திரமாக இறக்கப்பட்டதா என்று யாருக்கும் தெரியாது.

இணைய ஏலங்களில் கொஞ்சம் கூர்மை வேண்டும். விற்பவருக்கே பெயர் தெரியாதபோது "பழைய கப்பல் கருவி", "பித்தளைத் தொலைநோக்கி", "சர்வே கருவி" என்றெல்லாம் போட்டிருப்பார்கள். எழுத்துப் பிழையோடு தேடிப் பாருங்கள், பொதுப் பெயர்களில் தேடிப் பாருங்கள். படகையே விற்பவர்கள் கூடவே சாமான்களைத் தனியாக விற்பதும் உண்டு. பாய்மரப் பருவம் முடிந்து படகுகளைக் கரையேற்றும் மாதங்களில் இப்படி வருவது அதிகம். முடிந்துபோன ஏலங்களின் விலையைப் பாருங்கள். கேட்கும் விலை வேறு, கொடுத்த விலை வேறு.

இனி, தவிர்க்க வேண்டியவை. முதலிடம் அலங்காரப் பித்தளை நகல்களுக்கு. மரப்பெட்டியில், வெல்வெட்டில், தகடு அடித்து வரும். அதில் மிகப் பிரபலமான ஒன்று "கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன், 1917" என்று பொறித்தது. கெல்வின் நிறுவனமும் ஹியூஸ் நிறுவனமும் இணைந்து அந்தப் பெயர் உருவானதே 1947-இல். 1917-இல் அப்படி ஒரு நிறுவனமே கிடையாது. அந்தத் தகட்டைப் பார்த்தால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். தகடு இல்லாவிட்டாலும் நகலைக் கண்டுபிடிக்க வழிகள் உண்டு. முழுக்க முழுக்கப் பளபளக்கும் பித்தளை. வில்லின் கோடுகள் தடிமனாக, ஆழமில்லாமல் இருப்பது. நிறக்கண்ணாடிகள் (சூரிய வெளிச்சத்தைக் குறைக்கும் ஷேடுகள்) இரண்டு மூன்றே இருப்பது. கண்ணாடிகளின் பின்னால் சரிசெய்யும் திருகுகளே இல்லாதது. வேலை செய்யும் கருவி பெரும்பாலும் கறுப்போ சாம்பலோ பூசப்பட்டிருக்கும், வெயில் எதிரொளித்துக் கண்ணைக் கூசவைக்கக் கூடாது என்பதற்காக.

இரண்டாவது, உண்மையான கருவியாகவே இருந்தாலும் உங்கள் வேலைக்கு ஒத்துவராதவை. இரண்டாம் உலகப் போர்க்கால விமான செக்ஸ்டன்டுகள் நிறையக் கிடைக்கும், விலையும் ஆசை காட்டும். அவற்றில் தொடுவானத்துக்குப் பதிலாக உள்ளே ஒரு காற்றுக்குமிழி இருக்கும். ஆடும் சிறு படகில் அந்தக் குமிழி ஓரிடத்தில் நிற்காது. தரையில் நின்று பழக நன்றாகத்தான் இருக்கும், கடலுக்கு வேண்டாம். அப்புறம், கடலாழம் அளப்பவர்கள் கரையிலுள்ள அடையாளங்களுக்கிடையே கிடைக்கோணம் எடுக்கப் பயன்படுத்திய செக்ஸ்டன்டுகள். பார்க்க அச்சு அசலாக நம்முடையது போலவே இருக்கும், ஆனால் சூரியனைப் பார்க்கத் தேவையான நிறக்கண்ணாடிகள் இருக்காது. உள்ளங்கையில் அடங்கும் டப்பா வடிவ நில அளவைக் கருவிகளும் இதே கணக்கில்தான் சேரும்.

மூன்றாவது, வெர்னியர் வகை, அதாவது வில்லின் கோடுகளோடு பக்கத்திலுள்ள இன்னொரு சிறு அளவுகோலை ஒப்பிட்டுப் படிப்பவை. 1920-களுக்குப் பிறகு மைக்ரோமீட்டர் டிரம் (கலைகள் குறித்த, விரலால் சுற்றும் சிறு உருளை) பரவலாகும்வரை எல்லாமே வெர்னியர்தான். வெள்ளிப் பட்டையில் நுணுக்கமாக வெட்டிய கோடுகளை லென்ஸ் வைத்துப் படிக்க வேண்டும். ஒரு கலையில் 60-ல் ஒரு பங்கு ஒரு விகலை; 10 விகலைவரைகூடப் படிக்கலாம், ஆனால் மங்கிய வெளிச்சத்தில், நனைந்த கையோடு, ஆடும் தளத்தில் படிப்பது பெரும்பாடு. யாராவது அந்த வெள்ளிப் பட்டையைப் பாலிஷ் போட்டுத் தேய்த்திருந்தால் கோடுகள் மங்கி, கருவி அங்கேயே முடிந்தது. வெர்னியர் கருவிகளின் கைவேலை மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் முதல் கருவியாக வாங்குபவருக்கு டிரம் உள்ளதைத்தான் சொல்வேன். டிரம்மை ஒரு சுற்று சுற்றினால் ஒரு பாகை. முழுப் பாகையை வில்லிலும், கலையை டிரம்மிலும் படித்துவிடலாம்.

எந்தத் தயாரிப்பு என்பதற்கு வருவோம். பெயரைவிட நிலைமை முக்கியம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஹாம்பர்க்கின் சி. பிளாத், பிரேமர்ஹாஃபனின் காசன்ஸ் அண்ட் பிளாத், அமெரிக்காவின் வீம்ஸ் அண்ட் பிளாத் மூன்றும் தனித்தனி நிறுவனங்கள். விற்பவர்கள் பெயர்களைக் கலந்துவிடுவார்கள், தகட்டில் என்ன இருக்கிறது என்று படம் கேளுங்கள். ஜெர்மானியக் கருவிகளும் ஜப்பானின் டமாயாவும் நல்ல விலைக்குப் போகும், அதற்குத் தகுதியும் உண்டு. போர்க்காலக் கடற்படை முத்திரை உள்ளவற்றைச் சேகரிப்பவர்கள் விலை ஏற்றிவிடுவார்கள். அந்த முத்திரைக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் உங்கள் அளவையை ஒரு கலைகூடத் துல்லியமாக்காது.

பணத்துக்கு ஏற்ற மதிப்பு என்று பார்த்தால் எனக்குப் பிடித்தவை வேறு. கிழக்கு ஜெர்மனியின் ஃப்ரைபெர்கர் டிரம் செக்ஸ்டன்ட் எடை குறைவு, திடமானது, பெயர் அவ்வளவு பிரபலமில்லாததால் விலை அடங்கியே இருக்கும். சோவியத் தயாரிப்பான எஸ்என்ஓ-டி இன்னொன்று. அதன் பெயரிலுள்ள 'டி' வெப்பமண்டலத்துக்கானது என்பதைக் குறிக்கும். அழகு பார்க்கக் கூடாது, ஆனால் திடமான வேலைக்காரன். சில கிடங்கிலேயே கிடந்து, கடலைப் பார்க்காமல் வெளிவந்தவை. அப்படியானால் உள்ளே மசகு கெட்டியாகியிருக்கும், கண்ணாடி ஓரங்கள் கறுத்திருக்கலாம், இரண்டுமே தீரக்கூடியவை. லண்டனின் ஹென்றி ஹியூஸ், "ஹெசானித்" முத்திரையிட்ட ஹீத், அமெரிக்கக் கடற்படைக்காக டேவிட் வைட் செய்த இரண்டாம் உலகப் போர்க்கால மார்க் 2 ஆகியவையும் நன்றாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம். சீனத் தயாரிப்பான அஸ்ட்ரா 3பி இன்றும் உதிரிபாகம் கிடைக்கும் கருவி. அதனாலேயே பழையது பெரிதாக விலை இறங்குவதில்லை, ஆனால் கண்ணாடி போனாலும் கவலையில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே பலருக்கு நான் இதைச் சொல்லியிருக்கிறேன்.

பிளாஸ்டிக் கருவிகளை ஒதுக்கிவிடாதீர்கள். டேவிஸ் மார்க் 15, மார்க் 25 இரண்டிலும் டிரம் உண்டு. மார்க் 3-இல் வெர்னியர்தான், தொலைநோக்கியும் கிடையாது, ஆனால் கணக்குப் போடக் கற்றுக்கொள்ள அதுவே போதும். பிளாஸ்டிக் வெயிலில் இளகி, நிழலில் சுருங்கும், அதனால் குறியீட்டுப் பிழை (சுழியம் காட்ட வேண்டிய இடத்தில் கருவி காட்டும் மிச்ச அளவு) ஒரே நாளில் பலமுறை மாறும். ஒவ்வொரு அளவைக்கு முன்னும் பின்னும் அதைப் பார்த்துவிட்டால் சில மைல் துல்லியத்தில் இடம் கிடைத்துவிடும். நடுக்கடலில் அது போதுமானதே. உலோகக் கருவிக்குப் பணம் சேரும்வரை பழைய பிளாஸ்டிக் ஒன்றில் பழகுங்கள். கையில் பழக்கம் இருந்தால், உலோகக் கருவியை வாங்கும் நாளில் அதன் குறைகள் உங்கள் விரலுக்கே தெரியும்.

இப்போது முக்கியமான பகுதி, பார்த்து வாங்குவது. கருவி நேரில் கிடைத்தால் முதலில் அதன் கையை வில்லின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெதுவாக நகர்த்துங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஓட வேண்டும். ஓரிடத்தில் இறுகி, இன்னோரிடத்தில் தளர்ந்தால் வளைவு இருக்கிறது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கைக்கும் வில்லுக்கும் இடையிலுள்ள இடைவெளி முழு நீளத்துக்கும் சமமாக இருக்க வேண்டும். பிறகு டிரம்மை விரலால் சுற்றிக்கொண்டே போங்கள். ஒரு குறிப்பிட்ட பாகை வரும்போதெல்லாம் தட்டினால் அங்கே பல் அடிபட்டிருக்கிறது, அல்லது அழுக்கு அடைந்திருக்கிறது. மென்மையான பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு மறுபடி பாருங்கள். அழுக்கென்றால் போய்விடும், அடி என்றால் போகாது. டிரம்மைச் சுழியத்தில் நிறுத்தி 0, 30, 60, 90, 120 ஆகிய இடங்களில் பாருங்கள். கையின் குறி ஒவ்வொரு முறையும் பாகைக் கோட்டின் மேலேயே உட்கார வேண்டும். ஓரிடத்தில் கோட்டின் மேல், இன்னோரிடத்தில் கோடு தாண்டி என்றால் கேள்வி கேட்க வேண்டிய கருவி அது.

அடுத்தது ஆட்டம். தூரத்துப் பொருள் ஒன்றைப் பார்த்து, நேர்ப் பிம்பத்தையும் எதிரொளித்த பிம்பத்தையும் ஒன்றாக்குங்கள். முதலில் டிரம்மை வலப்பக்கம் சுற்றி ஒன்றாக்கிப் படியுங்கள், பிறகு இடப்பக்கம் சுற்றி. இரண்டு அளவுக்கும் வித்தியாசம் ஒரு கலையில் சிறு பகுதியாக இருந்தால் நல்லது. ஒரு கலையைத் தாண்டினால் தேய்மானம் அதிகம். எப்போதும் ஒரே திசையில் சுற்றி முடித்தால் இந்தப் பிழையை ஓரளவு தவிர்க்கலாம், ஆனால் அதற்கேற்ப விலை குறைய வேண்டும்.

இந்தச் சோதனையை அறைக்குள் சுவரைப் பார்த்துச் செய்து, "குறியீட்டுப் பிழை பெரிதாக இருக்கிறது" என்று பயந்துவிடாதீர்கள். பார்வைக் கோட்டுக்கும் மேலுள்ள கண்ணாடிக்கும் இடையே சில சென்டிமீட்டர் இருக்கிறது. 200 மீட்டர் தூரத்துப் பொருளில் அதுவே ஒரு கலை அளவுக்குப் பொய்ப்பிழை காட்டும். இரண்டு கிலோமீட்டராவது தள்ளியிருந்தால்தான் அது பத்தில் ஒரு கலைக்கு இறங்கும். விற்பவர் வீட்டு மாடியிலிருந்து தூரத்துக் கோபுரம், தொடுவானம், நட்சத்திரம் எது கிடைக்கிறதோ அதைப் பாருங்கள். சுவரை வைத்து ஆட்டத்தை மட்டும் பார்க்கலாம், பிழையின் அளவைப் பார்க்கக் கூடாது.

குறியீட்டுப் பிழை, கையிலுள்ள கண்ணாடி சட்டத்துக்குச் செங்குத்தாக நிற்காத செங்குத்துப் பிழை, நிலையான கண்ணாடி பக்கவாட்டில் சாய்ந்த பக்கப் பிழை மூன்றும் திருகைத் திருப்பினால் சரியாகிவிடும். "ஐந்து கலை பிழை காட்டுகிறது" என்று விற்பவரே விலை குறைத்தால் சந்தோஷப்படுங்கள். அது சில நிமிட வேலை. ஆனால் திருகு துருவேறி அசையாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். திருப்ப முடியாத திருகை பலவந்தப்படுத்தினால் கண்ணாடி உடையும்.

கண்ணாடிகளைப் பற்றி. ஓரங்களில் கறுப்பு படர்ந்திருந்தால் நடுப்பகுதி தெளிவாக இருக்கும்வரை பயன்படுத்தலாம். முழுக்க ரசம் போயிருந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம் அல்லது மாற்றலாம். சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியை வெட்டிப் போட்டிருக்கிறார்களா என்று கவனியுங்கள். அதன் இரு பக்கங்களும் சரியான இணையாக இருக்காது, அளவு கெடும். நிறக்கண்ணாடிகளில் விரிசலோ, இரண்டு அடுக்குகளுக்கிடையே ஒட்டுப் பிரிந்து குமிழிகளோ இருந்தால் சூரியனைப் பார்க்கவே கூடாது. எந்தப் பழைய கருவியானாலும் முதன்முறை சூரியனைப் பார்க்கும்போது மிக அடர்த்தியான ஷேடில் தொடங்குங்கள். கண் ஒன்றுக்கு மாற்றுக் கிடையாது.

அலுமினியச் சட்டத்தில் வெள்ளைப் பொடி பூத்திருப்பதும், பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறியிருப்பதும் மேலோட்டமாக இருந்தால் பரவாயில்லை. அதுவே பற்களுக்குள்ளோ அச்சைச் சுற்றியோ இருந்தால் வேண்டாம். கால்களைத் திருப்பிப் பாருங்கள். மூன்றில் ஒன்று வளைந்திருந்தாலோ, கைப்பிடி அருகே ஒட்டவைத்த தடம் இருந்தாலோ அது விழுந்த கருவி. எவ்வளவு மலிவானாலும் நான் தொடமாட்டேன்.

நேரில் பார்க்க முடியாதபோது விலையை அப்புறம் பேசலாம், முதலில் படம் கேளுங்கள். வில்லின் நெருக்கமான படம், டிரம்மும் பற்களும் தெரியும் படம், இரண்டு கண்ணாடிகளின் முன்னால் வெள்ளைத் தாள் பிடித்து எடுத்த படம் (கறை இருந்தால் அதில்தான் தெரியும்), அடிப்புறக் கால்கள், சட்டத்திலுள்ள எண், பெட்டி மூடிக்குள் ஒட்டிய சான்றிதழ். கை 0-விலிருந்து 120 வரை போவதை ஒரு சிறு வீடியோவாகக் கேட்டால் இன்னும் நல்லது. சான்றிதழிலுள்ள எண்ணும் சட்டத்திலுள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா? இல்லையென்றால் அது வேறொரு கருவியின் பெட்டி. பழைய ஆங்கிலேயக் கருவிகளில் க்யூ ஆய்வகத்தின் அல்லது பின்னாளில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சான்று இருக்கலாம். குறிப்பிட்ட பாகைகளில் கருவிக்கே உரிய பிழை எவ்வளவு என்று அட்டவணையாகத் தந்திருப்பார்கள். அது கருவி பிறந்தபோது எப்படி இருந்தது என்பதற்கான சாட்சி. இன்றைக்கு எப்படி இருக்கிறது என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

படம் கேட்டதற்கே எரிச்சல்படும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். தெரியாது என்று சொல்லி, கேட்ட படத்தை எடுத்து அனுப்புபவரை நம்பலாம்.

விலையை முடிவு செய்யும்போது கருவியின் விலையோடு கண்ணாடி மாற்றும் செலவு, குறையும் உதிரிபாகம், அனுப்பும் செலவு, காப்பீடு, எல்லை கடந்து வந்தால் சுங்கவரி எல்லாவற்றையும் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை புதிய அஸ்ட்ராவின் விலைக்குப் பக்கத்தில் வந்தால் அது பேரமே இல்லை. பாதிக்குக் கீழே இருந்து, சட்டமும் பற்களும் நன்றாக இருந்தால் யோசிக்க வேண்டாம். "சோதித்துப் பார்த்துத் திருப்பித் தரலாம்" என்ற நிபந்தனைக்காகக் கொஞ்சம் அதிகம் கொடுப்பதிலும் தவறில்லை. செக்ஸ்டன்டின் கடைசி உண்மை சோதனையில்தான் வெளிவரும். கையில் மிச்சமாகும் பணத்தில் நம்பகமான குவார்ட்ஸ் கடிகாரம் ஒன்று வாங்குங்கள். நேரத்தில் 4 விநாடி தவறினால் தீர்க்கரேகையில் ஒரு கலை தவறும், நல்ல கருவியின் துல்லியம் முழுக்க வீண்.

அனுப்பச் சொல்லும்போது பொதி கட்டும் விதத்தையும் சொல்லிவிடுங்கள். கை பூட்டப்பட்டிருக்க வேண்டும், பெட்டிக்குள் கருவி அசையாதபடி துணியோ நுரையோ அடைக்க வேண்டும், மரப்பெட்டியை இன்னொரு பெரிய அட்டைப்பெட்டிக்குள் எல்லாப் பக்கமும் மெத்தை வைத்து இறக்க வேண்டும். தூக்கும்போது சட்டத்தையோ கைப்பிடியையோதான் பிடிக்க வேண்டும், நகரும் கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது. நல்ல கருவிகள் பல கெடுவது தபாலில்தான்.

வந்து சேர்ந்ததும், திருப்பித் தரும் கெடுவுக்குள் இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள். முதலாவது சூரியனோடு. இருபுறமும் அடர்த்தியான ஷேடுகளைப் போட்டு, கையைச் சுழியத்துக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு சூரியப் பிம்பங்களின் ஓரங்கள் தொடும்படி செய்யுங்கள். ஒரு முறை சுழியத்துக்கு மேலே, வில்லின் மேல் பக்கம்; ஒரு முறை சுழியத்துக்குக் கீழே, அதற்கு அப்பால். உதாரணத்துக்கு மேல் பக்கம் 33.6 கலை, அப்பால் 30.0 கலை என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 63.6. நான்கால் வகுத்தால் 15.9. அதுதான் சூரியனின் அரைவிட்டம். கப்பல் பஞ்சாங்கத்தில் அன்றைக்குப் போட்டிருக்கும் அரைவிட்டத்தோடு (ஆண்டு முழுக்க அது சுமார் 15.7-க்கும் 16.3-க்கும் இடையே இருக்கும்) ஒத்துப்போனால் உங்கள் கையும் கருவியும் சரி. இரண்டின் வித்தியாசத்தில் பாதியான 1.8 கலை குறியீட்டுப் பிழை. ஒரே சோதனையில் இரண்டு விடை.

இரண்டாவது நட்சத்திரங்களோடு. வில்லின் நடுவிலும் மறுகோடியிலும் பிழை இருக்கிறதா என்பதை இதைவிட மலிவாகக் காட்டும் வழி எனக்குத் தெரியவில்லை. திருவாதிரைக்கும் ரோகிணிக்கும் இடையே சுமார் 21 பாகை. சித்திரைக்கும் கேட்டைக்கும் சுமார் 46 பாகை. மகத்துக்கும் சித்திரைக்கும் சுமார் 54 பாகை. அவற்றின் துல்லியமான இடைவெளியைப் பஞ்சாங்கத்திலுள்ள நிலைகளிலிருந்து கணக்கிட்டு, காற்றுமண்டல ஒளிவிலகலுக்குத் திருத்தி, உங்கள் அளவையோடு ஒப்பிடுங்கள். இரண்டு நட்சத்திரங்களும் வானத்தில் நன்றாக உயர்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து எடுத்தால் அந்தத் திருத்தம் சிறியதாக இருக்கும். ஒவ்வொரு ஜோடியையும் பலமுறை அளந்து சராசரி எடுங்கள். கருவியைச் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருப்பதால் முதலில் கழுத்து வலிக்கும், போகப் போகப் பழகிவிடும்.

குறியீட்டுப் பிழையைக் கழித்த பிறகு எல்லா ஜோடிகளிலும் அரைக் கலைக்குள் வந்தால் அருமையான கருவி, வைத்துக்கொள்ளுங்கள். கோணம் பெரிதாகப் பெரிதாகப் பிழையும் சீராக வளர்ந்து, ஒவ்வொரு முறையும் அதே அளவு வந்தால், அச்சு மையத்திலிருந்து கொஞ்சம் விலகியிருக்கிறது என்று பொருள். அது ஓரிரு கலைக்குள் இருந்தால் ஒரு அட்டவணை போட்டு மூடிக்குள் ஒட்டிக்கொண்டு நிம்மதியாகப் பயன்படுத்தலாம். விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்கவும் அது நியாயமான காரணம். ஒவ்வொரு முறை அளக்கும்போதும் பிழை வேறு வேறாக வந்தால் முதலில் கண்ணாடித் திருகுகளையும் தொலைநோக்கியின் பிடியையும் இறுக்கிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் அளந்த எண்களை அப்படியே விற்றவருக்கு அனுப்பி, வந்த பெட்டியிலேயே, வந்த மாதிரியே பொதி கட்டித் திருப்பி அனுப்பிவிடுங்கள்.